11 மாத ஒப்பந்தம், 12 வருட நாய்

சென்னையில் வீட்டு வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் எழுதப்படுகிறது. வேளாவேளைக்குச் சோறும் தடுப்பூசியும் கிடைத்தால் ஒரு நாட்டு நாய் 12 வருடம் தாராளமாக வாழும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நாயின் ஆயுளுக்குள் 13 ஒப்பந்தங்கள் வந்துபோகின்றன. ஒவ்வொன்றிலும் ஓனர் கையெழுத்துப் போடுவார், குடிவருபவர் போடுவார், சாட்சிகள் இரண்டு பேர் போடுவார்கள். அந்தக் காகிதத்தால் யாருடைய வாழ்க்கை அதிகம் மாறப்போகிறதோ, அது வாசலில் உட்கார்ந்து சாட்சிகளின் செருப்பை மோந்துகொண்டிருக்கும்.

டூ-லெட் பலகையைப் பார்த்துவிட்டு போன் செய்தால் வரும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஃபேமிலியா, பேச்சிலரா? எத்தனை பேர்? எங்கே வேலை? வெஜிடேரியனா? கடைசியாக, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "நாய், பூனை ஒண்ணும் இல்லியே?" அந்த 'இல்லியே'வுக்குள் வேண்டிய பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. "இல்ல சார்" என்று சொல்லிவிடுவது எத்தனை சுலபம் என்பது பிராணி வளர்க்கும் எவருக்கும் தெரியும். அப்படிச் சொல்லலாமா? அப்படிக் கேட்கவும், கேட்டபின் கதவைச் சாத்தவும் ஓனருக்கு உள்ள உரிமை எவ்வளவு தூரம் செல்லும்? இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தைக் கேட்டால் அதிகம் பேசாது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017இல் புதிய சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் போடு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய் என்கிறது. வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி அதில் பேச்சில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்ட்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இருக்கிறது. இந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு போய் ஓனரிடம் நீட்டுகிறவர்கள் உண்டு. அது அசோசியேஷனுக்குச் சொன்னது. தன் சொந்த வீட்டை யாருக்கு, எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்று ஓனர் எழுதும் வரி வேறு சங்கதி. ஆக, சட்டம் விட்டுவைத்த இடத்தை அறம்தான் நிரப்ப வேண்டும்.

ஓனர் என்றதும் ஒரே உருவத்தைக் கற்பனை செய்வது தவறு. மூன்று ஃபிளாட் வாங்கிப் போட்டுவிட்டு, வாடகை கணக்கில் ஏறியதா என்று மட்டும் பார்க்கும் ஓனர் ஒருவர். ரிட்டயர்மென்ட் பணத்தையும் பேங்க் லோனையும் போட்டு மாடி எழுப்பி, கீழ் போர்ஷனில் தாமே குடியிருக்கும் ஓனர் இன்னொருவர். மேலே கட்டில் நகர்ந்தால் அவருக்குக் கீழே கேட்கும். மனைவிக்கு வீசிங், மாமியார் மடி ஆச்சாரம் பார்ப்பவர், மொட்டை மாடியில் வடகம் காயும், படிக்கட்டு ஒன்றுதான். முதலாமவர் விட்டுக்கொடுப்பது ஒரு சொத்தின் உபயோகத்தை. இரண்டாமவர் தம் அன்றாடத்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கிறார். இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும், இரண்டாமவர் சொல்லும் 'வேண்டாம்' கூடுதல் கனமுள்ளது. அதைக் கேட்டுக்கொண்டு மறுபேச்சில்லாமல் வேறு வீடு பார்ப்பதுதான் முறை.

முதலாமவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் சேதம். சேதம் நடப்பது உண்மைதான். தேக்குக் கதவின் கீழ்ப்பாதியில் முழங்கால் உயரத்துக்கு நகக் கீறல் விழும். ஜன்னலில் அடித்த கொசுவலையைப் பூனை ஒரே வாரத்தில் நூலாக்கிவிடும். டைல்ஸ் இடுக்கில் இறங்கிய சிறுநீர் வாடை ஃபினாயிலுக்கு மசியாது. மழைக்காலத்தில் திரும்பி வரும். ஆனால் இவையெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடியவை. அந்தப் பணமும் ஏற்கெனவே ஓனர் கையில்தான் இருக்கிறது. 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் நெடுநாள் வழக்கம். புதிய சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் 3 மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது. அந்த 'வேறு உடன்பாடு' எப்படி உருவாகிறது என்பது வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு, நாய் இல்லாத வீட்டிலும். இத்தனையையும் வைத்துக்கொண்டு கதவுக் கீறலுக்காக ஒரு குடும்பத்தை வாசலோடு அனுப்புவது நியாயமான காரணமாகத் தெரியவில்லை.

பயம் வேறு. பயத்துக்கு அட்வான்ஸில் ஈடு கிடையாது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறின. அவை தெருநாய்கள் இல்லை, வளர்த்த நாய்கள். அந்தச் செய்தியைப் படித்த ஒரு பாட்டி, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அதே படிக்கட்டில் ஏற நேர்ந்தால் அவர் பயத்தை 'அறியாமை' என்று தள்ள முடியாது. "எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க" என்ற வாக்கியத்தை நாய் வளர்ப்பவர்கள் கொஞ்ச காலத்துக்குச் சொல்லாமல் இருந்தால்கூட நல்லது. நாய் என்ன பண்ணும் என்று அவர்களுக்குத் தெரியும். எதிரே வருபவருக்குத் தெரியாது. தெரியாதவர் பயப்படலாம். கழுத்துப் பட்டையும் வாய்மூடியும் அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆனாலும் பயத்துக்கு ஒரு முகம் வேண்டும். ராட்வெய்லரைப் பார்த்துப் பயப்படுவதற்கும், 14 வயதாகிக் கண்ணில் புரை விழுந்த பொமரேனியனை அதே கணக்கில் சேர்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 'பெட்ஸ் நாட் அலவுட்' என்ற பலகை இரண்டையும் பார்ப்பதில்லை. மீன்தொட்டியைக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்காமல் தீர்ப்பு எழுதுவதுதான் அந்தப் பலகையின் குறை.

ஒட்டுமொத்தத் தடை என்ன செய்யும் என்பதற்குத் தமிழர்கள் நன்கறிந்த ஊரிலேயே உதாரணம் உண்டு. சிங்கப்பூரில் அரசு கட்டிக்கொடுக்கும் எச்டிபி வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை. சட்டத்துக்கு அவ்வளவு பயப்படும் அந்த ஊரிலும் பூனைகள் அடுக்குமாடிகளில் இருந்துகொண்டேதான் இருந்தன. 2024 செப்டம்பர் முதல் தேதி அரசு தடையை விலக்கிக்கொண்டது. வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமம் வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், ஜன்னலுக்கு வலை வேண்டும் என்று விதி வந்தது. தடை இருந்த காலத்தில் எந்தப் பூனை எந்த வீட்டுப் பூனை என்று எழுதிவைக்கப் பொதுவான ஏற்பாடு இல்லை. அனுமதி வந்தபின்தான் ஒரு பதிவேடு வந்தது.

ஓனருக்கு இதில் படிக்க ஒன்று இருக்கிறது. தடைப் பலகை வைக்கிற வீட்டுக்குப் பிராணி வளர்ப்பவர் யாருமே வருவதில்லை என்று நினைப்பது கணக்குத் தப்பு. உண்மை சொல்கிறவர்கள் போன் பேச்சோடு கழன்றுவிடுகிறார்கள். சொல்லாதவர்கள் குடிவருகிறார்கள்.

அதனால் பொய் நியாயமாகிவிடுமா? ஆகாது. வழக்கமாகச் சொல்லும் காரணம், அது ஓனரை ஏமாற்றுவது என்பது. அது சரியான காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று பேசப்படாமலே போகிறது: அந்தப் பொய்யின் வட்டியைக் கட்டுவது நாய். ஒளித்து வளர்க்கப்படும் நாய் பால்கனிக்கு வரக்கூடாது. குரைக்கக்கூடாது, குரைத்தால் வாய் பொத்தப்படும், அல்லது டிவி சத்தம் கூட்டப்படும். இரவு பதினொன்றரைக்கு, எதிர் வீட்டு விளக்கு அணைந்தபின், துண்டில் சுற்றிப் பின்படிக்கட்டு வழியாக இறக்கப்படும். மாநகராட்சி உரிமத்துக்கு முகவரி கொடுக்க வேண்டும் என்பதால் உரிமம் இருக்காது. ஓனர் வாட்டர் டேங்க் பார்க்க வருகிறார் என்றால் பாத்ரூமில் அடைபடும். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் பிராணிகளுக்கு ஐந்து சுதந்திரங்கள் உண்டு என்று எடுத்துச் சொன்னது: பசி தாகம் இன்மை, வசதிக்குறைவு இன்மை, வலியும் நோயும் இன்மை, அச்சம் இன்மை, தன் இயல்பில் நடந்துகொள்ளும் உரிமை. (மற்ற வாதங்கள் நினைவிருக்கும் அளவுக்கு இந்த ஐந்து நம் ஊரில் நினைவில் நிற்கவில்லை.) பொய்யில் குடிவந்த நாய்க்கு முதல் மூன்று கிடைக்கலாம். கடைசி இரண்டு கிடைக்காது.

இந்த இடத்தில் தருமர் வந்து நிற்பார், தவிர்க்க முடியாது. தம்பியரும் பாஞ்சாலியும் வழியில் வீழ்ந்தபின் கூடவே வந்த நாயோடு மேலே போகிறார் தருமர். ரதத்தில் ஏறு, நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான் இந்திரன். நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்கிறார் அவர். பிராணி வளர்ப்போர் கூட்டங்களில் தவறாமல் சொல்லப்படும் கதை. அதில் கவனிக்காமல் விடுவது, தருமர் நாயை உத்தரீயத்துக்குள் ஒளித்துக்கொண்டு ரதத்தில் ஏறப் பார்க்கவில்லை என்பதை. 'ஆமாம், நாய் இருக்கிறது, அதோடுதான் வருவேன், முடியாதென்றால் நான் வரவில்லை' என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார். கதையில் நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது, பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. மடிப்பாக்கத்தில் நாய் கடைசிவரை நாயாகவே இருக்கும் என்பதால், அங்கே தருமராக இருப்பது கொஞ்சம் செலவு பிடிக்கும் காரியம். பிடித்த வீட்டை விட வேண்டும், ஆபீஸுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும், வாடகையில் இரண்டாயிரம் கூடக் கொடுக்க வேண்டும். அது நாயோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட செலவு. அதை ஓனர் தலையில் கட்டுவது தருமர் செய்த காரியம் ஆகாது.

இந்தப் பேரத்தில் ஓனர் தவறலாம், குடிவருபவர் தவறலாம். இரண்டையும் விடப் பெரிய தவறு வீடு காலி செய்யும் நாளில் நடக்கிறது. குட்டியானையில் பீரோ ஏறிவிட்டது, ஃபிரிட்ஜ் ஏறிவிட்டது, கேஸ் சிலிண்டர் ஏறிவிட்டது. புது வீட்டில் 'பெட்ஸ்' கூடாது. "பூனைதானே, இடத்தைத்தான் தேடும், ஆளைத் தேடாது" என்று யாரோ சொல்கிறார்கள். சொல்வதற்கு வசதியான வார்த்தை. பூனை பழகிய இடத்துக்குத் திரும்பப் பார்ப்பது உண்மை. அதனால்தான் புது வீட்டில் சில வாரம் கதவுக்குள்ளேயே வைத்துப் பழக்குவார்கள். பழைய வீட்டில் விட்டுவிட்டுப் போனால், பூட்டிய கதவின் முன்னால் சோறு வைக்கும் கை வருமா என்று பார்த்திருக்கும். நாயின் கதி இன்னும் மோசம். அந்தத் தெருவின் நாய்கள் அதைச் சேர்க்காது, குப்பையில் தேடித் தின்னவும் அது கற்றிருக்காது.

பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து பிறந்த சட்டம் அது. முதல் தடவைக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. சாமான் இறக்கும் ஆட்களுக்கு வாங்கிக் கொடுக்கும் டீக்குக்கூடக் காணாது. தண்டனை அற்பமாக இருக்கும் குற்றத்தை மக்கள் குற்றமென்று எண்ணுவதில்லை. 'வேற வழியில்லாம விட்டுட்டோம்' என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். வேறு வழி இருந்த நாள் ஒன்று உண்டு. குட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்த நாள். 11 மாதத்துக்கு ஒருமுறை கூரை மாறும் வாழ்க்கையில் 12 வருட உயிரை ஏற்கிறோமே என்று அன்று யோசித்திருக்கலாம். பிறந்தநாள் பரிசாக லாப்ரடார் குட்டி வாங்கிவரும் தகப்பன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கணக்கிடுகிறார், வாடகை வீடு மாறுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளிநாடுகளில் இதைச் சட்டமாகவே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பிரான்சில் 1970 முதலே, குடியிருப்பு ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணி கூடாது என்று எழுதினால் அந்த வரி செல்லாது. தாக்கும் ரக நாய்களுக்கு மட்டும் விலக்கு. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013இல், நாயும் பூனையும் கூடவே கூடாது என்ற பொதுவான அச்சடித்த நிபந்தனை செல்லாது, ஒவ்வொரு வழக்கையும் தனியே எடைபோட வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் சட்டம், குடியிருப்பவர் கேட்டால் தக்க காரணமின்றி மறுக்கக்கூடாது என்கிறது. இந்த மூன்றில் ஜெர்மானியத் தீர்ப்பின் போக்கே நம் ஊருக்குப் பொருந்தும். கீழ் போர்ஷனில் குடியிருக்கும், மனைவிக்கு வீசிங் உள்ள ஓனர் மறுக்கலாம், ஊரிலேயே இல்லாத ஓனர் கீறலைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று பிரித்துப் பார்க்க அதில் இடம் இருக்கிறது.

அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடு தேடுகிறவர் போனில் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "எங்க வீட்ல ஒரு நாய் இருக்கு" என்று சொல்லிவிடட்டும். பத்து ஓனர்கள் போனை வைத்துவிடுவார்கள். பதினோராவது ஆள் "என்ன நாய்?" என்று கேட்டால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஓனர், நாயையும் அதன் தடுப்பூசி அட்டையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும். சரி என்றால் நாயின் பெயர், வயது, சேதத்துக்கு யார் பொறுப்பு, படிக்கட்டில் எப்படி அழைத்துப் போவது, எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். இரண்டு வரி கூடினால் முத்திரைத்தாள் விலை ஏறப்போவதில்லை.