தேரும் சாரதியும்

"சுவாமிஜி, கடன் பெற்று விலையுயர்ந்த கார் வாங்குவது தவறா?" மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் அன்பர்கள் அடிக்கடி எழுப்பும் வினா இது. கார் ஜடப்பொருள்; அதனிடம் குணமோ தோஷமோ இல்லை. ஆராயத்தக்கது, அதனை நாடும் மனம்.

2008 ஜனவரியில் ரத்தன் டாடா ஒரு லட்சம் ரூபாய் விலை குறித்து நானோ காரை அறிமுகம் செய்தார். ஒரே ஸ்கூட்டரில் நால்வராக நெருங்கிச் செல்லும் குடும்பங்களைக் கண்டே அவ்வெண்ணம் தோன்றியதாகக் கூறினார். மழையில் நனையாது செல்ல அதுவே போதும். எனினும் 'மலிவான கார்' என்ற பெயரே அதற்குப் பகையாயிற்று. (வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மை.) 2018-இல் உற்பத்தி நின்றது. நாம் விலை கொடுப்பது வாகனத்திற்கு மட்டுமன்று, அயலாரின் பார்வைக்கும்தான்.

தாராவியில் ஒற்றை அறையில் ஐவர் உறங்கும் குடும்பங்கள் பல. அத்தகைய இல்லத்தில், வீட்டு முன்பணத்திற்கெனத் தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்ததை மகன் காருக்குக் கொடுப்பானாகில், வாங்கிய நாள் முதலே வாகனத்தின் மதிப்புக் குறையும், வட்டியோ குறையாது. காரை நிறுத்தவும் இடமற்ற சந்து அது. நின்றுபோவது தங்கையின் படிப்புதான்.

கடோபநிஷத்து உடலைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும் உருவகிக்கிறது. தவணைக்காகவே ஓய்வின்றி உழைப்பவனுடைய நிலை என்ன? தேர் சாரதியின் தோள்மீது ஏறிக்கொண்டது!

முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒருவருக்குக் கார் இன்றியமையாததாகலாம், வாங்கட்டும். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் வீட்டிலுள்ளோர் அனைவரையும் அமர்த்தி, அதே தொகைக்காகக் காத்திருக்கும் மற்றத் தேவைகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். சிறியவர்களையும் கேளுங்கள்.