சிறை மீண்டவரும் நம் சங்கமும்



சிறையினின்று மீண்டுவரும் உபாசகர் ஒருவரை நம் சங்கத்தில் ஏற்பதா என்னும் பேச்சு எழும்போதெல்லாம், "அவர் வினையை அவரே அநுபவிக்கட்டும்" என்று விலகுவோர் உளர். அதற்கு அங்குலிமாலர் வரலாற்றையே சான்றாகவும் காட்டுவர்.

மஜ்ஜிம நிகாயத்து 86ஆம் சுத்தம் கூறுவது யாது? கொலைத்தொழிலை விட்டுப் பிக்குவான அங்குலிமாலர் சாவத்தியில் பிச்சைக்குச் சென்றபோது கல்லும் தடியும் ஓடும் அவர்மேல் வந்து விழுந்தன. தலை உடைந்து, பாத்திரம் நொறுங்கி, சீவரம் கிழிந்து வந்தவரிடம், பழவினையின் பயன் இது, பொறுத்துக்கொள்க என்னும் பொருள்படப் பகவான் அருளினார். அச்சொல் அடிபட்டவருக்குச் சொல்லப்பட்டது. எறிந்தவருக்கு அதில் யாதொரு அநுமதியும் இல்லை. எறிந்த கல் எறிந்தவனுடைய புதுவினையே ஆகும்.

அதே சுத்தத்தில், அவரைப் பிடிக்கக் குதிரைப்படையோடு புறப்பட்ட பசேநதி அரசன் அவரைக் கண்டு நடுங்கினான். நடுக்கம் தீர்ந்ததும் சீவரமும் உணவும் உறைவிடமும் மருந்தும் தர முன்வந்தான். நம்மிற் பலர் நடுக்கத்தோடு நின்றுவிடுகிறோம். பேர்பெற்ற திருடனுக்குத் துறவு கொடுக்கலாகாது என்று விநயத்தில் விதியுண்டே என்பர். உண்டு, அது பிக்குச் சங்கத்துக்கு. இல்லறத்தார் கூடும் மன்றத்துக்கு அவ்விதி இல்லை.

மேலும், 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே. குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரையும் நம் தெரு தண்டித்துவிடுகிறது.

மீண்டவருக்கு வேண்டுவது ஒரு வாடகை அறையும், வேலைக்கு ஒருவர் தரும் வாய்ச்சொல்லும். நான் ஆலையில் உழைத்த நாளில், உள்ளே இருப்பவன் ஒருவன் சொன்னால் வெளியே நிற்பவனுக்கு வேலை கிடைக்கும். சிறை மீண்டவனுக்காக அச்சொல்லைச் சொன்னவர் அரியர். அவரால் கேடுற்ற குடும்பம் அதே தெருவில் வாழுமாயின், மன்னிக்கும்படி அவர்களை வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் அவர்கள் முன்னே அமர, இவர் பின்னே அமர்வது தகும்.

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையைப் போற்றும் நாம், வந்தவர் கையில் முதல்நாளே விளக்குமாற்றைக் கொடுப்பது என்ன நியாயம்? சிறைக்குள் சாதி பார்த்து வேலை பங்கிடும் விதிகள் செல்லா என்று 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டுவதாயின் எல்லாரும் முறைவைத்துக் கூட்டுவோம். பஞ்சசீலம் சொல்லிக்கொடுக்கும் முறைப்பட்டியலிலும் அவர் பெயரை எழுதுங்கள்.