ஏறாமல் விட்ட சில அடிகள்

நேபாளத்துக்கும் சிக்கிமுக்கும் எல்லையாக 8,586 மீட்டர் உயர்ந்து நிற்கும் கஞ்சன்ஜங்கா, உலகச் சிகரங்களுள் உயரத்தால் மூன்றாவது. திபெத்திய மொழியில் 'பெரும் பனியின் ஐந்து கருவூலங்கள்' என்று பெயர் பெற்ற இம்மலையைச் சிக்கிமின் பூட்டியா மக்கள் தம் நாட்டின் காவல் தெய்வமாக வணங்க, லெப்சா மக்களோ தம் ஆதி மூதாதையர் இதன் பனியிலிருந்தே படைக்கப்பட்டனர் என்று நம்புகின்றனர். அவ்விரு இனத்தாரின் சகோதர உடன்படிக்கைக்கு மலையே சாட்சி என்பதை ஆண்டுதோறும் பாங் லப்சோல் விழா நினைவூட்டுகிறது.

1905 முதல் பல குழுக்கள் முயன்று தோற்ற இச்சிகரத்துக்கு, 1955இல் சார்லஸ் எவன்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு நேபாள வழியாகப் புறப்பட்டபோது, அறவழி ஆளும் அரசர் என்னும் பொருளில் 'சோக்யால்' எனப்பட்ட சிக்கிம் மன்னர் தரப்பின் மறுப்பை மதித்து, உச்சியை மிதிப்பதில்லை என்று வாக்களித்தது. மே 25 அன்று ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் கடைசிப் பாறைப் பிளவில் தொற்றி ஏறி, எளிதாக நடந்துவிடக்கூடிய பனிமேடு சில அடி தொலைவில் தெரிய, அங்கேயே நின்று திரும்பினர். மறுநாள் வந்த அதே குழுவினரான ஹார்டியும் ஸ்ட்ரீத்தரும் அவ்வாறே செய்தனர்.

மலை முழுவதையும் முட்காலணியால் குத்தி ஏறியபின், எஞ்சிய சில அடியில் என்ன புனிதம் என்று கேட்கலாம். கேள்வி கூர்மையானதுதான், ஆனால் அது புனிதத்தைக் கல்லில் ஊறிக் கிடக்கும் ஒரு பொருளாகக் கொள்கிறது. தெய்வமென வணங்குவோரே இம்மலையின் சரிவுகளில் உழுகிறார்கள், கால்நடை மேய்க்கிறார்கள். பிராகாரத்தில் ஆள் நடமாடுவதால் கருவறையின் வரம்பு அழிந்துவிடுவதில்லை. வணங்குவோர் எங்கே கோடு கிழிக்கிறார்களோ அங்கேதான் அது தொடங்குகிறது.

இதைவிடக் கடினமானது மற்றொரு கேள்வி: அத்தெய்வத்தை நம்பாதவர் விலகி நிற்பது வழிபாடாகுமா? ஆகாது, அதில் பக்தியும் இல்லை, அச்சமும் இல்லை. எனினும், தெய்வக் குற்றத்துக்கு அஞ்சி விலகுபவனுக்குத் தன் நலமும் அதில் கலந்திருக்க, கேட்பாரும் காண்பாரும் இல்லாத உயரத்தில் பிறர் நம்பிக்கைக்காக மட்டுமே கால் எடுத்து வைக்காதவனின் செயல் அறத்தால் ஒரு படி மேலானது என்றே சொல்ல வேண்டும்.

சிக்கிம் பக்கமிருந்து 1977இல் ஏறிய இந்திய ராணுவக் குழுவும் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றது. 2001இல் சிக்கிம் அரசு அப்பக்கமிருந்து ஏறுவதையே தடைசெய்தது. நேபாளப் பக்கத்தில் அத்தகைய தடை இல்லை. அங்கிருந்து ஏறுவோருக்கு அந்தக் கடைசி அடிகள் இன்றும் அவரவர் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளன.