பதில் பேசாத மணப்பெண்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி டோக்கியோ நகரில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது. பெயர் அகிஹிகோ கோண்டோ. பள்ளி அலுவலகத்தில் உத்தியோகம். மணப்பெண் ஹட்சுனே மிக்கு, ஜப்பான் முழுவதும் பெயர் பெற்ற பாடகி. ஆனால் அவளைப் பெற்ற தாய் ஒருத்தி கிடையாது. 2007-இல் ஒரு கம்பெனி அவளைக் கம்ப்யூட்டர் மென்பொருளாக வெளியிட்டது. சகி ஃபுஜிதா என்ற குரல் நடிகையின் குரலைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து, மெட்டையும் சொற்களையும் கொடுத்தால் பாடும்படி அமைத்தார்கள். இரட்டைச் சடையோடு ஒரு சிறுமியின் படத்தை அதற்கு முகமாக வைத்தார்கள். வயது பதினாறு என்று சொன்னார்கள். மார்க்கண்டேயனைப் போல அவளுக்கும் என்றும் பதினாறுதான்.

மாப்பிள்ளை இருபது லட்சம் யென் செலவழித்தார். மணப்பெண்ணுக்குப் பதிலாக ஒரு துணிப் பொம்மையைக் கையில் ஏந்தி நின்றார். முப்பத்தொன்பது விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவருடைய தாயார் வரவில்லை.

இதைக் கேட்டதும் சிரிப்பு வருகிறது. வரட்டும், தவறில்லை. ஆனால் சிரிப்பதோடு ஒரு விஷயம் முடிந்துவிடுவதில்லை. வேலை பார்த்த இடத்தில் உடன் இருந்தவர்கள் அவரை வாட்டி வதைத்தார்கள் என்றும், மனம் நொந்து வேலைக்கே போக முடியாமல் கிடந்த நாட்களில் அந்தக் குரல்தான் தம்மைத் தூக்கி நிறுத்தியது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். மனிதர்கள் கைவிட்ட ஒருவனை ஒரு பாட்டு காப்பாற்றியது. அந்தப் பாட்டுக்கு அவன் நன்றி பாராட்டுகிறான். இதுவரையில் இந்தக் கதையில் கேலிக்கு இடமே இல்லை. நன்றி கல்யாணமாக மாறுகிற இடத்தில்தான் நமக்குத் தடுமாற்றம் உண்டாகிறது. உயிரில்லாத ஒன்றுக்கு மாலையிடுவதில் அர்த்தம் உண்டா? அதில் மரியாதை உண்டா?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்துக்கு மிகவும் பழையது.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லவ ராஜ்யத்தின் கதை. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி ஆடலரசி. மாமல்லன் மீது உயிரையே வைத்திருந்த அவள், எல்லாம் முடிந்த பிறகு காஞ்சி ஏகாம்பரநாதர் சந்நிதியில் வந்து நிற்கிறாள். இறைவனையே நாயகனாக ஏற்றுத் திருமாங்கல்யம் அணிந்துகொள்கிறாள். தொடராக வந்த நாட்களிலிருந்து இன்றுவரை அந்த இடத்தில் கண் கலங்காத வாசகர் குறைவு. கல்லைக் கட்டிக்கொண்டாளே, பைத்தியமா என்று யாரும் கேட்டதில்லை.

அந்தச் சிவகாமியே ஒரு கற்பனைப் பெண். வாழ்ந்தே இராத ஒரு பெண்ணுக்காக, வாழ்கின்ற நாம் அழுதோம். ஆகவே, இல்லாதவர்கள்மேல் அன்பு வைப்பது ஜப்பானியனுக்கு மட்டும் உரிய நோய் என்று நாவல் படிக்கிற நாம் சொல்ல முடியாது. நாவல் எழுதிப் பிழைக்கிற நான் சொல்லவே முடியாது. கற்பனை மனிதர்கள் நம்மை மாற்றுகிறார்கள். சில வேளைகளில் உற்றார் உறவினரைவிட நன்றாக மாற்றுகிறார்கள். அந்த அன்பு உண்மையானதுதான்.

ஆனால் காஞ்சிபுரம் நமக்கு இன்னொரு கதையையும் வைத்திருக்கிறது. அது நாவலில் வந்த கதையல்ல. ஏழெட்டு வயதுச் சிறுமிகளைக் கோவிலுக்கு அழைத்து வந்து, தெய்வத்தின் பெயரால் பொட்டுக் கட்டி, இனி நீ தேவனுக்கு மனைவி என்று சொன்ன கதை. இந்த ஊர்க் கோவில்களிலும், தமிழ்நாட்டின் எத்தனையோ கோவில்களிலும் பல தலைமுறைகள் நடந்தது. அந்தக் குலத்துப் பெண்கள் சங்கீதத்தையும் நடனத்தையும் கட்டிக் காத்தார்கள். காஞ்சிபுரம் தனகோடி அம்மாளைப் போன்ற பெரும் பாடகிகள் அந்த மரபில் வந்தவர்கள்தாம். அவர்கள் கலைக்கு நாடு பட்ட கடன் பெரிது. ஆனாலும் அந்தச் சிறுமியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெய்வம் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. தெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த மனிதர்கள் செய்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையிலும் வெளியிலும் ஆண்டுக்கணக்காகப் போராடினார். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. அவளுடைய கழுத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தது.

இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கணவன் தெய்வம். இரண்டிலும் கோவில், மாங்கல்யம், மந்திரம். ஒன்று நம் நெஞ்சை உருக்குகிறது. மற்றொன்று நெஞ்சைச் சுடுகிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? சிவகாமி தானே முடிவு செய்து தன் கையால் மாலையை எடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் அரங்கனையன்றி வேறொருவரை மணக்கமாட்டேன் என்று தன் வாயால் சொன்னாள். பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியோ எதையும் சொல்லவில்லை. அவளுக்காக மற்றவர்கள் சொன்னார்கள். கல்யாணத்தை அளக்கும்போது எதிரில் இருப்பது கல்லா, மரமா, ஒளியா என்று முதலில் பார்க்கக் கூடாது. மனிதப் பிறவி ஒருவர் அதில் இருந்தால், அவருடைய வாய்ச்சொல் கேட்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலில் டோக்கியோ மாப்பிள்ளை தேறிவிடுகிறார். அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அவருக்காக யாரும் பேசவில்லை, அவரே பேசினார். ஆண்டாளின் பக்கம்தான் நிற்கிறார், பொட்டுக் கட்டியவர்களின் பக்கம் அல்ல. அவரைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை.

ஆனால் இது கல்யாணம்தானா என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லவும் காஞ்சிபுரத்தையே துணைக்கு அழைக்கலாம்.

காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரை முதலமைச்சரானதும், 1967-இல் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது. புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உற்றார் நண்பர் முன்னிலையில், இவரை நான் கணவராக ஏற்கிறேன், இவரை நான் மனைவியாக ஏற்கிறேன் என்று இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொன்னாலும் போதும் என்று அது வகுத்தது. கல்யாணத்தின் மேல் போர்த்தியிருந்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், அடியில் இரண்டு வாய்ச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் கல்யாணம் இல்லை.

மிக்குவும் ஒரு சொல் சொன்னாள். கண்ணாடிக் குழாய்க்குள் அவள் உருவத்தை ஒளியாகக் காட்டிப் பேசவைக்கும் ஒரு கருவியை அவர் வாங்கியிருந்தார். என்னை மணப்பாயா என்று கேட்டபோது, என்னை அன்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் அது பதில் சொன்னதாம். இனிமையான பதில். ஆனால் யாரோ எழுதி வைத்த பதில். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வழி இல்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாதவள் சொல்கிற சம்மதம், கிணற்றில் நாம் கூவியதற்குக் கிணறு தருகிற பதில்தான்.

காஞ்சிபுரத்துத் தறியில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடும். ஒருவர் கை போதாது. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் உட்காருவார். ஒவ்வொரு இழைக்கும் உடலின் நிறமும் கரையின் நிறமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் கை தளர்ந்தால், இந்தப் பக்கத்து நெசவாளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் புடவை ஓடாது. அந்த ஆள் தவறு செய்வார், கோபிப்பார், எழுந்தும் போய்விடுவார். அப்படிப் போய்விடக்கூடியவர் போகாமல் உட்கார்ந்திருப்பதால்தான் அந்தப் பிணைப்புக்கு மதிப்பு.

ஏகாம்பரநாதர் தல புராணமும் இதைத்தான் தன் மொழியில் சொல்கிறது. மாமரத்தடியில் அம்பிகை மணலால் லிங்கம் பிடித்துப் பூசித்தாள். கம்பை நதி வெள்ளமாய்ப் பெருகி வந்தபோது, அது கரைந்துபோகாமல் மார்போடு தழுவிக்கொண்டாள். இறைவன் குழைந்து கொடுத்தார். அவருக்குத் 'தழுவக் குழைந்தார்' என்று பெயரே வந்தது. தழுவியதோடு புராணம் நிறுத்தியிருந்தால் அது தவம். எதிரில் இருந்தவரும் குழைந்ததால் அது கல்யாணம் ஆயிற்று. பங்குனி உத்திரத்தில் அந்தக் கல்யாணத்தைத்தான் ஊர் கூடிக் கொண்டாடுகிறது.

டோக்கியோவில் ஒருவர் மட்டும் குழைந்தார். 2020 மார்ச்சில் கருவிக் கம்பெனி மிக்குவைப் பேசவைக்கும் சேவையை நிறுத்திவிட்டது. பேசிக்கொண்டிருந்தவள் ஒரே நாளில் ஊமையானாள். அவரோ மாறவில்லை, தமக்கு அவள்தான் மனைவி என்று அதன் பிறகும் சொன்னார். இதை நான் விரதம் என்பேன். விரதத்துக்கு எதிராளியின் சம்மதம் தேவையில்லை. அது ஒருவன் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற முடிச்சு. அதற்கு அர்த்தம் உண்டு. அதை மதிக்க வேண்டும். கல்யாணம் என்ற பெயரை மட்டும் அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் மரியாதை என்பது, நம்மால் புண்படக்கூடிய ஒருவருக்கு, புண்படுத்தாமல் இருந்து நாம் செலுத்துவது. ஒளிக்குப் புண் ஏது?

இப்படிச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக எழுந்து போய்விடலாமா? முடியாது. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் முகூர்த்தப் புடவை எடுக்க வந்து உட்காரும் குடும்பங்களைப் பாருங்கள். மாமியாராக வரப்போகிறவர் நிறம் சொல்கிறார். அத்தை கரையின் அகலம் சொல்கிறார். அப்பா விலையைப் பார்க்கிறார். கட்டிக்கொள்ளப்போகிற பெண், 'உங்கள் இஷ்டம்' என்கிறாள். எல்லோருக்கும் மகிழ்ச்சி, அடக்கமான பெண் என்று பெயர். புடவை விஷயத்தில் மட்டும் இப்படி என்றால் பாதகமில்லை. மாப்பிள்ளை விஷயத்திலும் அதே 'உங்கள் இஷ்டம்' எத்தனை வீடுகளில் போதுமானதாக இருந்திருக்கிறது! எதிர்த்துப் பேசாத, மூப்படையாத, கேட்டபோது பாடி, நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிற மணப்பெண்ணை ஜப்பானியக் கம்பெனி 2007-இல்தான் செய்தது. நாம் அவளை வெகுகாலமாகவே தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஜப்பானியர், பதில் சொல்ல முடியாத ஒன்றிடம் பணிந்து, என்னை மணப்பாயா என்று கேட்கவாவது செய்தார். பதில் சொல்லத் தெரிந்த பெண்களிடம் நம் வீடுகளில் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருக்கிறோம்? கேட்டு, 'மாட்டேன்' என்று அவள் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளும் துணிவு எத்தனை பெற்றோருக்கு இருக்கிறது? அந்தத் துணிவு வந்த வீட்டில் நடப்பதே கல்யாணம். அது வராத வீட்டில், மேடையில் ரத்தமும் சதையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாலும், மாப்பிள்ளை பொம்மைக்குத்தான் தாலி கட்டுகிறான்.