கோணற்காலும் நேர்மையும்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குள் வருவோர் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவர். அக்கோபுரம் நிற்கும் நிலம் முன்னாளில் குதிரைகள் ஓடிய திடல் என்பதை மாணவருள் பலர் அறியார். 1896இல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகம் அம்பாங் சாலையில் நெடுங்காலம் இயங்கி, 1993இல் சுங்கை பீசிக்கு இடம்பெயர்ந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்த குதிரைகள் பல அங்கு ஓடின. பந்தயக் குதிரையை வாங்குவோர் கூர்ந்து நோக்குவது அதன் காலை. 'கால் நேராக உள்ளதா?' என்னும் அவ்வினாவுள் ஓர் அறச்சிக்கல் அடங்கியிருக்கிறது.

இச்சிக்கல் தமிழர்க்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்கிறார். பேணும் அறிவின்மையால் அவற்றுள் பெரும்பாலானவை மாண்டன என்றும், அந்நாட்டில் பிறந்த குட்டிகள் கால் கோணிச் சவாரிக்குதவாமல் இருந்தன என்றும் எழுதுகிறார். குற்றம் குட்டியின் காலிலா, வளர்த்தவர் கையிலா?

குட்டிகள் பல சற்றே கோணிய கால்களுடன் பிறத்தல் இயல்பு. மார்பு அகன்று உடல் வலுப்பெறுங்கால் சிறு கோணல்கள் தாமே நிமிர்கின்றன. நிமிராதவற்றுக்கு ஓய்வு, குளம்பைச் சீவிச் சமன்செய்தல், அறுவை மருத்துவம் ஆகியன உண்டு. ஆனால் அவற்றுக்குக் காலவரையறை உண்டு. எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித்தட்டு இளமையாய் இருக்கும்வரையே திருத்தம் எளிது. குளம்புக்கு மேலுள்ள மூட்டருகே விரைவான வளர்ச்சி ஏறத்தாழ மூன்று திங்களில் அடங்கிவிடும். முழங்கால் மூட்டருகே இன்னும் பல திங்கள் நீடிக்கும்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் பழமொழி இங்கு உண்மையாகிறது. ஆயினும் அது பாதி உண்மையே. விரைந்து திருத்தினால், தானே நிமிரக்கூடிய காலையும் கத்திக்கு இரையாக்கக்கூடும். காத்திருந்தால், திருத்தத்துக்குரிய காலம் கடந்துவிடக்கூடும். இருபக்கமும் இழப்புண்டு.

எனவே, நாம் முதலில் கேட்கவேண்டியது 'திருத்தலாமா?' என்பதன்று, 'யாருக்காகத் திருத்துகிறோம்?' என்பதே. கடுங்கோணல் மூட்டைத் தேய்த்து விலங்கை வாழ்நாள் முழுதும் நொண்டச் செய்யுமாயின், திருத்துவது இரக்கம். ஏலத்தில் விலை ஏறுவதற்காக நிமிர்த்தி, அதை வாங்குவோரிடம் மறைப்பது வஞ்சனை. கோணலில் மரபுக்கும் பங்குண்டு. நிமிர்த்திய கால் அம்மரபை மாற்றுவதில்லை. ஆதலின் அவ்வஞ்சனையின் பயன் இன்னும் பிறவாத குட்டிகளையும் சாரும். 'நேர்' என்னும் சொல்லிலிருந்தே நம் மொழியில் 'நேர்மை' பிறந்தது. காலை நேராக்குவோர் சொல்லைக் கோணலாக்குதல் எவ்வகையில் தகும்?

நேர்கால் என்னும் இலக்கணமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஆண்டர்சன், மெக்கில்ரெயித் முதலியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி சற்றே வெளிப்புறம் சாய்ந்த பந்தயக் குதிரைகளுக்கு முழங்கால் எலும்பு முறிவும் மூட்டுவீக்கமும் குறைந்தே காணப்பட்டன. ரியல் கொயட் என்னும் அமெரிக்கக் குதிரை, முழங்கால் கோணலால் 17,000 டாலருக்கே விலைபோயிற்று. 1998இல் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ் ஆகிய இரு பெரும் பந்தயங்களிலும் அதுவே வென்றது. ஒரு வெற்றியால் எல்லாக் கோணலும் நன்றென்று ஆகிவிடாது. எனினும், நம் கண்ணுக்கு அழகாய்ப் படுவது வேறு, அவ்வுயிருக்கு நலமாவது வேறு என்பது தெளிவு.

ஆசிரியப் பெருமக்கள் இதனைத் தம் வகுப்பறையோடு பொருத்தி நோக்குதல் நலம். நம் நாட்டில் ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, பன்னிரண்டு வயதிலேயே ஒரு பிள்ளையை 'இவ்வளவுதான்' என்று அளந்துவிடும் மனப்போக்கும் போயிற்றா? பிள்ளையைத் திருத்துகையில், அத்திருத்தம் பிள்ளையின் நடைக்கா, பள்ளியின் பெயருக்கா என்று நாம் நம்மையே வினவல் வேண்டும்.

நல்ல குதிரை வளர்ப்போர் பிறந்த குட்டியை அடிக்கடி நடக்கவிட்டுப் பார்ப்பர். ஒரு பார்வையில் தீர்ப்பெழுதார். காலம் தவறாமலும் அவசரப்படாமலும் இருப்பதற்கு அவ்விடையறாக் கவனம் ஒன்றே வழி. தன் பயனுக்கன்றி அவ்வுயிரின் பயனுக்காகவே கவனிப்பவனுக்குத்தான் திருத்தும் உரிமையும் உண்டு.