கைநாட்டும் சம்மதமும்

ஒருவரின் நன்மைக்காக அவருடலில் ஒன்றைச் செய்யுமிடத்து, அதனை அவர் அறிந்திருத்தல் வேண்டுமோ? நன்மை விளைந்தாற் போதாதோ? பழைய இவ்வினாவைப் புதியதொரு மருத்துவ முறை மீண்டும் நம்முன் நிறுத்துகின்றது.

எம்.ஆர்.ஐ. படத்தில் ஈரலின் நலமான பகுதியும் நோயுற்ற பகுதியும் சில வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்துக் காட்டுதற்குக் கடோலினியம் என்னும் உலோகம் சேர்ந்த மருந்தை நாளத்தில் ஏற்றுவர். கடோக்செற்றிக் அமிலம் அத்தகையது. அதில் ஏறத்தாழப் பாதியை நலமான ஈரற்கலங்கள் உள்வாங்கிப் பித்தத்தோடு வெளியேற்றும். எஞ்சியது சிறுநீருடன் கழியும். 20 நிமிடமளவில் எடுக்கும் படத்தில் நல்ல ஈரல் ஒளிர, புற்றுக்கட்டிகளிற் பெரும்பாலானவை இருண்டு நிற்கும்.

இந்நன்மைக்கு ஒரு விலையுமுண்டு. கடோலினிய மருந்துகள் சில, சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றோரின் தோலையும் உள்ளுறுப்புக்களையும் இறுகச் செய்யும் நோயோடு தொடர்புடையன என்பது 2006ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுட் சிலவற்றை இடைநிறுத்தியது. ஈரலைக் காண்பதற்கு மட்டும் கடோக்செற்றிக் அமிலத்தை அனுமதித்தது. எனவே, நன்மையையும் தீங்கையும் நிறுத்தே முடிவுசெய்தல் வேண்டும். நிறுப்பவர் யார்?

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து நகர வைத்தியசாலைக்கு வரும் கொழுந்து பறிக்கும் தாயொருத்தியை எண்ணுவோம். தமக்கு விளங்காத மொழியிலமைந்த தாளில் அவர் கைநாட்டு வைக்கின்றார். "இத்தகைய நுட்பங்கள் அவருக்கு விளங்குமா?" என்பர் சிலர். "நல்ல ஈரல் இந்த மருந்தை உறிஞ்சும், கெட்ட இடம் உறிஞ்சாது. அந்த வித்தியாசத்தைப் பார்க்கப் போகிறோம். உங்களுக்குச் சிறுநீரக வருத்தம் ஏதும் உண்டா அம்மா?" இவ்வளவே சொல்லவேண்டியது. இறுதி வினாவை அவரறிந்த மொழியிற் கேளாதுவிடின், அவமதிப்பு மட்டுமன்று, ஆபத்தும் நேரும். விளக்கம் சிகிச்சைக்குப் புறம்பான மரியாதையன்று. அது சிகிச்சையின் ஓர் உறுப்பே.

மலையகத்தார்க்கு விளங்காத தாள் புதிதன்று. தொழிலாளரைக் கடனோடு சேர்த்துத் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், சட்டம் உரிமையைத் தரும். அவ்வுரிமையைக் கட்டிலருகே கொண்டுசெல்வது மனிதரே.

நேரமின்மையும் ஆட்பற்றாக்குறையும் மெய்யே. அவை தாமதத்துக்குக் காரணமாகலாம், மௌனத்துக்கு நியாயமாகா. ஒருவரின் உள்ளுறுப்பைக் காண விழைவோர், முதலில் அவரைக் காணுதல் வேண்டும். தமிழறிந்து மருத்துவம் பயிலும் மாணவர்க்கு இக்கடமை இருமடங்காகும் என்பது எமது துணிபு.