தானே ஓடும் நாடா

ஆரணியின் நெசவாளர் தெருக்களிலே நடப்போர் செவியில் விழும் ஒலி ஒன்று உண்டு. பாவின் ஊடே நாடா ஓடும் ஒலி. அந்த நாடாவைப் பற்றி, நம் ஊரைக் கனவிலும் கண்டிராத ஒருவர், ஏறத்தாழ 2,300 ஆண்டுகட்கு முன்னர் ஒரு கருத்தைச் சொல்லிச் சென்றார். கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில், தம்முடைய 'அரசியல்' என்னும் நூலில் அடிமை முறைக்கு நியாயம் கற்பிக்கப் புகுந்தார். நாடா தானாகவே நெய்யுமானால், யாழ் தானாகவே இசைக்குமானால், ஆண்டானுக்கு அடிமை தேவைப்பட மாட்டான் என்றார். நாடாதான் தானே ஓடாதே! ஆகவே அடிமை வேண்டும்! இதுவே அந்தப் பேரறிவாளரின் வாதம்.

நாடா ஓடிற்று. 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பார் பறக்கும் நாடாவைச் செய்தார். 1785இல் கார்ட்ரைட் விசைத்தறியைக் கண்டார். 1804இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தறியின் தலைமேல் ஏற்றினார்; கயிறு இழுத்து இழுத்துக் கை சோர்ந்த எடுபிடிச் சிறுவனுக்குத் தறியிலிருந்து விடுதலை கிடைத்தது. அவர் பெயர் தாங்கிய பெட்டி இன்று நம் ஊரிலும் பட்டிலே மயிலையும் மாங்காயையும் பூக்க வைக்கிறது. ஆனால் அடிமை மறைந்தானா? 1793இல் அமெரிக்காவிலே பருத்திக் கொட்டையைப் பிரிக்கும் பொறி வந்தது. கை வேலை குறைந்தது; பருத்தியிலே ஆதாயம் பெருகிற்று; தோட்டங்கள் பரந்தன. 1790இல் அந்நாட்டில் 7 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த அடிமைகள், 1860இல் ஏறத்தாழ 40 இலட்சம்! பொறி விலங்கை உடைக்கவில்லை, இன்னும் இறுக்கிற்று. உடைத்தது போரும் சட்டமும்.

ஆகவே அரிஸ்டாட்டிலின் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. கருவி இல்லாமையால் அடிமை இருக்கிறான் என்றார் அவர். அடிமை மலிவாகக் கிடைப்பதால்தான் கருவி வரவில்லை என்கிறேன் நான். சான்று எங்கே என்பீர். நம் மலக்குழிகளிலே இருக்கிறது.

மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் மேலே படியுங்கள், தோழர்களே!

இயற்கையில் வெற்றிடம் என்பதே இல்லை என்று சாதித்தவரும் அதே அரிஸ்டாட்டில்தான். 1650ஐ ஒட்டிச் செருமனியிலே ஓட்டோ வான் கெரிக் காற்றை வெளியேற்றும் பம்பைச் செய்து, அந்தக் கொள்கையைக் கவிழ்த்தார். காற்று இல்லாத இடத்தை நோக்கி வெளிக்காற்று பாய்கிறது. பாயும்போது எதிரே இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகிறது. இவ்வளவுதான் செய்தி. இந்தச் சிறு உண்மையைக் கொண்டு மனிதக் கழிவை அகற்றலாம் என்று 1860களில் எண்ணியவர் ஆலந்து நாட்டுப் பொறியாளர் லியர்னூர். வீடுகளிலிருந்து இரும்புக் குழாய். நடுவிலே ஒரு தொட்டி. நீராவிப் பொறியால் காற்றை இழுத்தால் கழிவும் கூடவே வந்து சேரும். லெய்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் 1870களில் இம்முறை நடைபெற்றது. சேர்ந்த கழிவு உழவர்க்கு உரமாயிற்று.

இம்முறையின் இன்றைய வடிவத்தைச் சற்று விளக்க வேண்டும். வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நாம் அறிந்த பாதாளச் சாக்கடை, சரிவை நம்பி ஓடுவது. சரிவுக்காகக் குழாய் ஆழத்தில் இறங்கிக்கொண்டே போகும். அடைப்பு எடுக்க இடையிடையே ஆள் இறங்கும் குழி வேண்டும். வெற்றிடச் சாக்கடைக்குச் சரிவு தேவையில்லை, ஆழமும் தேவையில்லை. வீட்டருகே உள்ள சிறு தொட்டி நிறைந்ததும் வால்வு தானே திறக்கும். காற்று கழிவைத் தள்ளிச் செல்லும். குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே புகுமேயன்றிக் கழிவு வெளியே வராது. எல்லாவற்றினும் மேலாக, அந்தக் குழாய் வழியிலே ஆள் இறங்கும் குழியே தேவையில்லை! இறங்கக் குழி இல்லாத சாக்கடை! ஆளை இறக்காதே என்று சட்டம் எழுதுவதினும், இறங்க இடமே இல்லாதபடி குழாய் பதிப்பது எவ்வளவு நேரிய அறம்!

இந்தியாவிலே அது எங்கே வந்தது? ஆக்ராவில், தாஜ்மகாலை அடுத்த குறுகிய தெருக்களில், ஏறத்தாழ 240 வீடுகளுக்கு வந்திருக்கிறது. அகலமாகத் தோண்ட இயலாத இடம் என்பது அதிகாரிகள் கூறும் காரணம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குறுகிய தெரு தாஜ்மகாலின் அருகில் மட்டுந்தானா இருக்கிறது?

மூக்குக்கு வரலாற்றிலே பெரிய பங்கு உண்டு. இலண்டன் மாநகரில் 1848-49இலும் 1853-54இலும் காலரா ஏழைகளை ஆயிரமாயிரமாக வாரிச் சென்றபோது அசையாத பாராளுமன்றம், 1858ஆம் ஆண்டுக் கோடையிலே தேம்சு ஆற்றின் நாற்றம் தன் சன்னலுக்குள்ளேயே புகுந்தபோது துள்ளி எழுந்தது. சில வாரங்களில் சட்டம் நிறைவேறிற்று. பாசல்ஜெட் என்னும் பொறியாளர் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார். சாவு தொடாத நெஞ்சை நாற்றம் தொட்டது!

நம் கதையும் அதுவே. 1950களில் சுவீடன் நாட்டு லில்யெண்டால் வெற்றிடக் கழிப்பறையைச் செப்பம் செய்தார். 1975இல் ஜேம்ஸ் கெம்பர் விமானத்துக்கான அமைப்புக்கு உரிமை பெற்றார். 1982இல் போயிங் விமானத்தில் அது ஏறிற்று. வீட்டுக் கழிப்பறை ஒரு முறைக்கு ஆறு முதல் பத்து லிட்டர் தண்ணீர் கேட்கும் இடத்தில், அது ஒரு லிட்டருக்கும் குறைவாகக் கேட்டது. பின்னர் நம் பெரம்பூருக்கு வந்தது. 1955இல் தொடங்கப் பெற்ற இரயில்பெட்டித் தொழிற்சாலையில், 2018இல் தமிழ்த் தொழிலாளரின் கைகளால் உருவாகி, 2019 பிப்ரவரியில் தில்லிக்கும் காசிக்கும் இடையே ஓடத் தொடங்கிய 'வந்தே பாரத்' வண்டியிலே வெற்றிடக் கழிப்பறைகள். பொத்தானை அழுத்தினால் ஓர் உறுமல், இருந்தது இல்லாமற்போகிறது.

நல்லதுதான், நான் பழிக்கவில்லை. மற்ற வண்டிகளிலும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் உயிரிக் கழிப்பறைகளைப் பொருத்தியதால், தண்டவாளத்திலே விழுந்த மலத்தைத் துடைப்பத்தால் தள்ளிய கொடுமை பேரளவு ஒழிந்தது. செய்ய மனம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி நம் போன்ற ஊர்களுக்கு வருவோம். இங்கும் வெற்றிடம் வருகிறது, லாரியின் முதுகில் ஏறி. செப்டிக் டேங்க் நிறைந்ததும் நாம் கூப்பிடுகிறோமே, அந்த உறிஞ்சும் லாரி, விமானத்துக் கழிப்பறைக்கு உறவினர்தான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அதை அழைக்க வேண்டும். நாமோ பத்தாண்டு பொறுத்திருந்து, தொட்டி வாய்வழியே வாந்தி எடுக்கும்போது அழைக்கிறோம். நீர் குழாயில் ஏறிவிடும். அடியிலே இறுகிய வண்டல் ஏறாது. சந்துக்குள் லாரி நுழையாது. அப்போது வீட்டுக்காரர் வாயிலிருந்து இரண்டு சொற்கள் வரும்: ஆளைக் கூப்பிடு! எந்த ஆள், எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும். மனுநூலைக் கையாலும் தொடாதவருக்கும் அந்தத் தெருவின் முகவரி தெரிகிறது!

குழிக்குள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்திருக்கிறது. சிறிதளவானால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மிகுந்துவிட்டாலோ, முகரும் ஆற்றலையே முதலில் கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணும் நொடியில் ஆள் சாய்வார். தூக்க இறங்குபவரும் சாய்வார். 2015இல் கோழிக்கோட்டில் அப்படித்தான் இருவரும், அவர்களைக் காக்கப் புகுந்த ஆட்டோ ஓட்டுநரும் மாண்டனர். 1993 முதல் இத்தகைய சாவுகளைக் கணக்கிட்ட அரசுப் பட்டியலில், 2022ஆம் ஆண்டுவாக்கில் முதலிடத்தில் நின்ற மாநிலம் எது தெரியுமா? தமிழ்நாடு! பதிவானோர் மட்டும் இருநூற்றுக்கு மேல். தமிழனின் பெருமை பேசும் மேடைகளில் இந்த முதலிடமும் பேசப்பட வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993இல் ஒன்று, 2013இல் அதனினும் கடுமையாக ஒன்று. காப்பின்றி ஆளை மலக்குழியில் இறக்குவோர்க்கு முதற் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறை என்கிறது அது. 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம், மாண்டோர் குடும்பத்துக்குப் 10 இலட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக்கிற்று. பெயரையும் மாற்றினோம், துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். குழியின் ஆழம் அரை அங்குலமும் குறையவில்லை.

இத்தொழிலைத் தொண்டு என்று புகழ்ந்து மூடுவோரும் உளர். 1936இல் காந்தியார் தம் 'அரிசன்' ஏட்டில், குழந்தைக்குத் தாய் செய்வதைச் சமுதாயத்துக்குத் துப்புரவாளர் செய்கிறார் என்ற பொருள்பட எழுதினார். நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் தாய்க்குத் தன் குழந்தை. இவருக்கோ ஊரார் எல்லாரும் குழந்தைகள், ஒருவரும் அம்மா என்று அழைப்பதில்லை! இழிவையே உயர்வென்று போற்றி அதிலேயே கட்டிப்போடும் இப்போக்கை 1945இல் அம்பேத்கர் வன்மையாகக் கண்டித்தார்.

பொறி வந்தால் பிழைப்புப் போய்விடுமே என்று இரங்குவோர் இன்னொரு வகை. கோழிக்கோட்டுச் சாவு உறுத்தவே, திருவனந்தபுரத்து இளம் பொறியாளர் சிலர் 'பாண்டிக்கூட்' என்னும் குழி இறங்கும் இயந்திரத்தை 2018இல் கொணர்ந்தனர். சென்னை ஐ.ஐ.டி.யினர் செப்டிக் டேங்குக்கென்றே 'ஹோமோசெப்' செய்தனர். 2022இல் அதை யாரிடம் கொடுத்தனர்? மலக்குழியில் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குழுக்களிடம். பிழைப்பும் போகவில்லை, உயிரும் போகவில்லை. இதுவே சரியான பங்கீடு என்று நான் கருதுகிறேன். பொறி தொழிலாளியின் உடைமையாகட்டும்.

என்றாலும் ஐயம் ஒன்று எஞ்சுகிறது. இயந்திரத்தின் பிடியைப் பற்றும் கை, அதே தெருவின் கையாகவே இருக்குமானால், ஆழம் மாறியது, சாதி மாறிற்றா? இல்லை என்பதே நேர்மையான விடை. அதற்காகப் பொறியைத் தள்ளிவைக்கலாமா? கூடாது! சாதி ஒழியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு குழிக்குள் நில் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பொறி இன்றே வேண்டும். அதை விடுதலை என்று மட்டும் அழைக்க வேண்டா.

இத்தொழில் இன்னாருக்கே கைவரும் என்ற பழம்பேச்சுக்கு, 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி ஒரு விடை தந்தது. 549 துப்புரவுப் பணியிடங்கள்; நிலையான அரசு ஊதியம். விண்ணப்பித்து வந்தோர் ஏறத்தாழ 7,000 பேர். அவர்களுள் பட்டதாரிகள் இருந்தனர், பொறியியல் கற்றோரும் இருந்தனர்.